குட்டி யானையில் குலதெய்வம் கோயிலுக்குப் போகலாமா? வணிக வாகன விதிகள் என்ன சொல்கின்றன?

போன மாசம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பெரியம்மா ஒரு மெசேஜ் போட்டிருந்தார். "குலதெய்வம் கோயிலுக்கு 16 பேர் போறோம். வேன் வாடகை ரொம்பச் சொல்றாங்க. நம்ம தெருவுல குட்டி யானை வச்சிருக்கிற தம்பி பாதிக் காசுக்கு வர்றேங்கிறான். பேசிடவா?"

அடுத்த நிமிடமே வரிசையாகக் கட்டைவிரல் எமோஜிகள். "வழியில பிடிச்சா ஃபைன் கட்டிக்கலாம்" என்று மாமா பேச்சை முடித்து வைத்தார்.

நம்மில் பலருக்கும் வணிக வாகன விதிகள் என்றதும் முதலில் ஞாபகம் வருவது ஃபைன்தான். ஆனால் போர்டு நிறம், பெர்மிட், எஃப்.சி., பேட்ஜ், இன்சூரன்ஸ் என்று இந்த விதிகள் கேட்கும் ஒவ்வொன்றும் இன்னொரு பெரிய கேள்வியில் போய் முடிகிறது. விபத்து நடந்தால் இழப்பீட்டைக் கொடுக்க வேண்டியது யார்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எது வணிக வாகனம்?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் இதற்கு 'போக்குவரத்து வாகனம்' என்று பெயர். வாடகைக்குப் பயணிகளை ஏற்றும் வண்டிகள், சரக்கு வண்டிகள், பள்ளி, கல்லூரிப் பேருந்துகள், நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களை அழைத்துவர வைத்திருக்கும் வாகனங்கள் எல்லாம் இதில் அடங்கும். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் 'டி போர்டு'. மற்றது 'ஓன் போர்டு'.

நம்பர் பிளேட்டைப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும்:

- வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து: சொந்தப் பயன்பாட்டு வாகனம்
- மஞ்சள் பின்னணி, கறுப்பு எழுத்து: வணிக வாகனம்
- கறுப்புப் பின்னணி, மஞ்சள் எழுத்து: வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டும் கார்
- பச்சைப் பின்னணி, வெள்ளை எழுத்து: சொந்தப் பயன்பாட்டு மின்வாகனம்
- பச்சைப் பின்னணி, மஞ்சள் எழுத்து: வணிகப் பயன்பாட்டு மின்வாகனம்

வணிக வாகனத்துக்குள்ளும் பிரிவுகள் உண்டு. ஓட்டுநர் நீங்கலாக 6 பேர் வரை ஏற்றுவது 'மோட்டார் கேப்', அதாவது டாக்சி. 6 பேருக்கு மேல் 12 பேர் வரை என்றால் 'மேக்சி கேப்', நாம் கல்யாணத்துக்குப் பேசும் வேன். சரக்கு ஏற்றுவதற்காக மட்டுமே வடிவமைக்கப்பட்டது சரக்கு வாகனம். குட்டி யானை, லோடு ஆட்டோ, லாரி எல்லாம் இந்தக் கடைசிப் பிரிவு. அந்த 'மட்டுமே' என்ற சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பெர்மிட் யாருக்கு வேண்டும்?

வணிக வாகனத்தை ரோட்டில் ஓட்டுவதற்கான அனுமதிதான் பெர்மிட். பெர்மிட் இல்லாமல் ஓட்டி முதல் முறை சிக்கினால் 10,000 ரூபாய் அபராதமும் 6 மாதம் வரை சிறையும் என்கிறது 2019இல் திருத்தப்பட்ட சட்டம். வெள்ளை போர்டு காரை வாடகைக்கு விட்டாலும் இதே பிரிவில் வழக்கு வரலாம். உடம்பு சரியில்லாதவரையோ அடிபட்டவரையோ அவசரத்துக்கு ஏற்றிப்போனால் இந்தப் பிரிவு பொருந்தாது. ஆனால் அதை 7 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

இரண்டு முக்கியமான விலக்குகள் இருக்கின்றன. சரக்கோடு சேர்த்த மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. குட்டி யானை பெரும்பாலும் இந்த வரம்புக்குள் வந்துவிடும். மின்சாரத்தில் ஓடும் வணிக வாகனங்களுக்கும் 2018 அக்டோபரில் மத்திய அரசு பெர்மிட்டிலிருந்து விலக்கு கொடுத்தது.

"அப்போ பெர்மிட்டே வேணாம்ல, ஆளை ஏத்துனா என்ன?" என்று கேட்பவர்கள் நிறைய. பெர்மிட் வேண்டாம் என்ற சலுகை சரக்குக்குத்தான். அதைக் காட்டி ஆட்களை ஏற்ற முடியாது.

எஃப்.சி. ஏன் முக்கியம்?

வண்டி ஓடும் தகுதியோடு இருக்கிறது என்று சோதித்துக் கொடுக்கும் சான்றுதான் எஃப்.சி. புதிய வணிக வாகனத்துக்கு முதல் 2 ஆண்டுகள் கவலையில்லை. அதன்பிறகு வண்டிக்கு 8 வயது ஆகும்வரை 2 ஆண்டுக்கு ஒரு முறை, 8 வயதைத் தாண்டினால் ஆண்டுதோறும் காட்ட வேண்டும்.

எஃப்.சி. முடிந்துபோன வணிக வாகனத்தை, முறைப்படி பதிவு செய்யப்பட்ட வண்டியாகவே சட்டம் கருதுவதில்லை. "அடுத்த வாரம் காட்டிக்கலாம்" என்று லோடு ஏற்றிக் கிளம்புகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. அந்த ஒரு வாரத்தில் எங்காவது மோதினால், இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் கேட்கும் தாள்களில் எஃப்.சி.யும் ஒன்று.

பேட்ஜ் இல்லாமல் ஓட்டலாமா?

சாதாரண கார் லைசென்ஸ் வைத்திருப்பவர் டாக்சியோ லோடு வண்டியோ ஓட்டலாமா என்ற குழப்பம் பல ஆண்டுகளாக இருந்தது. விபத்து நடந்ததும், "டிரைவருக்கு பேட்ஜ் இல்லை, பணம் தர முடியாது" என்று இன்சூரன்ஸ் நிறுவனங்கள் வாதாடின.

2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு இதற்கு முடிவு சொன்னது. இலகு ரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர், மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத போக்குவரத்து வாகனத்தைத் தனி அனுமதி இல்லாமலேயே ஓட்டலாம். லாரி, பஸ் போன்ற கனரக வண்டிகளுக்கு இது பொருந்தாது. எரிபொருள், ரசாயனம் போன்ற ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டிகளுக்கும் சிறப்பு விதிகள் உண்டு.

ஆக, நம் தெருத் தம்பியிடம் கார் லைசென்ஸ் இருந்தாலே குட்டி யானை ஓட்டலாம். லைசென்ஸில் சிக்கல் இல்லை. சிக்கல் பின்னால் ஏறும் 16 பேரில்தான்.

பின்னால் ஏறினால் என்ன ஆகும்?

1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 21ஆவது விதி, பொதுமக்களுக்கு ஆபத்தான செயல்கள் என்று ஒரு பட்டியலே தருகிறது. சரக்கு வாகனத்தில் ஆட்களை ஏற்றுவதும் அதில் இருக்கிறது. காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் தவறுதான் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். இதற்காக ஓட்டுநரின் லைசென்ஸையே ரத்து செய்யலாம். "சொந்தக்காரங்கதான் சார், காசு வாங்கல" என்று சொல்லித் தப்ப முடியாது.

இதைவிடக் கனமானது இன்சூரன்ஸ். சரக்கு வண்டியின் கட்டாய மூன்றாம் நபர் காப்பீடு யாரையெல்லாம் காக்கும்? ரோட்டில் போகிறவரைக் காக்கும். சரக்குக்குச் சொந்தக்காரரோ அவருடைய ஆளோ சரக்கோடு சேர்ந்து வந்தால் அவரையும் காக்கும். கோயம்பேட்டில் தக்காளி வாங்கி அதே வண்டியில் வரும் கடைக்காரர் இந்தக் கணக்கில் வருவார்.

கோயிலுக்குப் போகும் 16 பேர் வரமாட்டார்கள். சரக்கு வாகனத்தில் பயணியாக ஏறியவர்களுக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் பொறுப்பல்ல என்று 2002இலேயே உச்ச நீதிமன்றம் ஆஷா ராணி வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. பின்னர் வந்த சில வழக்குகளில், நிறுவனம் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று நீதிமன்றங்கள் இரக்கம் காட்டியது உண்டு. ஆனால் அதை நம்பி வண்டி ஏற முடியாது. அப்படியே கிடைத்தாலும் கடைசியில் கடன் யார் தலையில்? ஒரே ஒரு குட்டி யானையை வைத்துப் பிழைக்கும் அந்தத் தம்பியின் தலையில். வண்டியை விற்றாலும் அடையாத தொகையாக அது இருக்கலாம். அவரிடம் வசூலிக்க எதுவும் இல்லையென்றால், அடிபட்ட குடும்பத்தின் கையில் தீர்ப்பு மட்டும்தான் இருக்கும்.

வெள்ளை போர்டு காருக்கும் இதே கதைதானா?

கிட்டத்தட்ட. பிரீமியம் கணக்கிடும் முறையே வேறு. சொந்தக் காருக்கு இன்ஜின் அளவை வைத்தும், சரக்கு வண்டிக்கு மொத்த எடையை வைத்தும் கணக்கிடுகிறார்கள். வாடகை வண்டிக்கு ஏற்றும் பயணிகளுக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டும். சொந்தக் காரின் பாலிசியில் 'வாடகைக்குப் பயன்படுத்தக் கூடாது' என்ற நிபந்தனை இருக்கும். மீறினால், உங்கள் காரின் சேதத்துக்குக் கேட்கும் கிளெய்ம் நிராகரிக்கப்படலாம்.

பெர்மிட் இல்லாத லாரி ஏற்படுத்திய விபத்து ஒன்றில், 2018இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பெர்மிட் இல்லாமல் ஓட்டுவது அடிப்படையான மீறல். பாதிக்கப்பட்டவருக்கு நிறுவனம் முதலில் கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலிக்கட்டும் என்றது அந்தத் தீர்ப்பு. விடுமுறை நாளில் காரைச் சும்மா நிறுத்தி வைப்பதற்குப் பதில் தெரிந்தவர்களுக்கு வாடகைக்கு விடலாமே என்று யோசிப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆக்டிங் டிரைவர் வைத்து உங்கள் காரில் உங்கள் குடும்பம் போவது வேறு விஷயம். அங்கே வாடகை வாங்குவது டிரைவர் மட்டும்தான், கார் வாடகைக்கு விடப்படவில்லை.

ஓவர்லோடு ஏற்றினால்?

அனுமதிக்கப்பட்ட எடைக்கு மேல் ஏற்றினால் 20,000 ரூபாய் அபராதம். அதற்கு மேல் கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். கூடுதல் லோடை இறக்கும் செலவும் உங்களுடையது. இறக்காமல் வண்டியை நகர்த்த விடமாட்டார்கள்.

வண்டி பேசுவதற்கு முன் என்ன பார்க்கலாம்?

5 நிமிட வேலைதான்:

1. நம்பர் பிளேட் நிறத்தைப் பாருங்கள். ஆட்கள் போவதற்கு என்றால், மஞ்சள் போர்டாக இருந்தால் மட்டும் போதாது, பயணிகள் வாகனமாகவும் இருக்க வேண்டும்.
2. மத்திய அரசின் எம்-பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள். வண்டியின் வகை, எஃப்.சி., இன்சூரன்ஸ் எதுவரை என்பதெல்லாம் தெரியும்.
3. எத்தனை சீட் என்று ஆர்.சி.யில் பாருங்கள். 12 சீட் வேனில் 20 பேர் ஏறினால் அதுவும் விதிமீறல்தான்.
4. வேறு மாநிலம் போவதாக இருந்தால், அதற்கான பெர்மிட் உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

எங்கள் குரூப்பில் இதையெல்லாம் நீளமாக டைப் செய்து போட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மாமாதான், "சரி, நாலு பேர் என் கார்ல வாங்க. மிச்சம் 12 பேருக்கு வேன் பேசுவோம்" என்றார். ஆளுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தோம். குட்டி யானைத் தம்பியையும் விட்டுவிடவில்லை. பொங்கல் வைக்கப் பாத்திரம், விறகு, அரிசி மூட்டை, பந்தல் சாமான் எல்லாம் அவர் வண்டியில்தான் போனது.