பெயர் மாறிய கோப்பின் பழைய வரலாறு எங்கே போனது?

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது கரைகளை அழித்துப்போன பின், காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவதற்காக இலங்கைத் தன்னார்வ நிரலாளர்கள் ‘சஹானா’ என்ற திறந்த மூல மென்பொருளை எழுதினார்கள். அதன் ‘ஈடன்’ வடிவம் கிட்ஹப்பில் கிடைக்கிறது. பலர் கைபட்ட நிரல் அது. அதில் ஒரு கோப்பை யார், எப்போது, ஏன் மாற்றினார் என்று எப்படி அறிவது?

நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் ‘கிட்’ என்ற கருவி, ‘கமிட்’ எனப்படும் ஒவ்வொரு பதிவிலும் முழுத் திட்டத்தின் அந்நேர நிலையைச் சேமிக்கிறது. எழுதியவர் பெயர், நேரம், குறிப்பு ஆகியவற்றுடன், காணி உறுதியில் முன்னைய உறுதியின் இலக்கம் இருப்பதுபோல, முந்தைய கமிட்டின் அடையாளமும் அதில் இருக்கும். ‘கிட் லாக்’ கட்டளையுடன் கோப்பின் பெயரைக் கொடுத்தால், அந்தச் சங்கிலியில் பின்னோக்கிப் போய், அக்கோப்பு மாறிய இடங்களை மட்டும் காட்டும்.

கோப்பின் பெயரை மாற்றியிருந்தால்? பட்டியல் அந்த இடத்தோடு நின்றுவிடும். பெயர்மாற்றத்தை கிட் தனியாகக் குறித்து வைப்பதில்லை. பழையது போனது, புதியது வந்தது, அவ்வளவுதான். கட்டளையில் ‘--ஃபாலோ’ சேர்த்தால் இரண்டையும் ஒப்பிடும். உள்ளடக்கம் குறைந்தது 50 வீதம் ஒத்திருந்தால், அதே கோப்பு என்று எடுத்துக்கொண்டு தேடலைத் தொடரும்.

ஆகவே அந்த ஒப்புமை குறையாதிருக்க, பெயர்மாற்றத்தை ஒரு கமிட்டாகவும், உள்ளே செய்யும் திருத்தத்தை வேறொரு கமிட்டாகவும் போடுங்கள்.