பந்தயத்துக்கு முந்தைய மாலை: சிம்லாவில் சங்கமித்த மோட்டார் ரசிகர்கள்

புது தில்லி: கிரிக்கெட் ரசிகருக்கு இருக்கை எண் அச்சிட்ட நுழைவுச்சீட்டு உண்டு, நிழல் தரும் கூரையும் உண்டு. இமயமலைச் சாலைகளில் நாள்கணக்கில் நடைபெறும் மோட்டார் பந்தயத்தின் ரசிகருக்கு இவை எதுவும் இல்லை. விடியும் முன், சாலை மூடப்படுவதற்குள் மலைச்சரிவில் ஏறி அமர வேண்டும். பல மணி நேரம் குளிரில் காத்திருந்தாலும் ஒவ்வொரு வாகனத்தையும் அவர் காண்பது சில விநாடிகள் மட்டுமே. பிறகு புழுதி, அதன் பிறகு மீண்டும் காத்திருப்பு.

ஆகவேதான் இந்த விளையாட்டின் ரசிகர்களுக்குப் பந்தய நாளைக் காட்டிலும் அதற்கு முந்தைய நாள் முக்கியமாகிறது. ஓட்டுநர், வழிகாட்டி, மெக்கானிக், தன்னார்வலர், வேடிக்கை பார்க்க வந்தவர் என அனைவரும் ஒரே முற்றத்தில் நிற்பது அன்று ஒருநாள்தான். மறுநாள் காலையில் கொடி அசைக்கப்பட்டதும் அவர்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் சிதறிவிடுகிறார்கள்.

இத்தகைய சந்திப்புக்கு நாட்டிலேயே பெயர் பெற்ற இடமாக விளங்கியது ஹிமாசலப் பிரதேசத் தலைநகர் சிம்லா. "ரெய்டு டி ஹிமாலயா' என்ற நெடுந்தூரப் பந்தயத்தை ஹிமாலயன் மோட்டார் ஸ்போர்ட் அசோசியேஷன் 1999-ம் ஆண்டு தொடங்கியது. அது கார்கில் போர் நடந்த ஆண்டு. எறிகணை வீச்சுக்கு உள்ளான ஸ்ரீநகர் - லே சாலைக்கு மாற்றாக மணாலி - லே சாலையின் முக்கியத்துவத்தை நாடு உணர்ந்த நேரம். ராணுவ வாகனங்களுக்காக எல்லைச் சாலைகள் அமைப்பு பராமரித்து வந்த அந்தப் பாதைகள், போர் ஓய்ந்த சில மாதங்களில் பந்தயக்காரர்களின் கனவுப் பாதைகளாகவும் ஆயின.

அடுத்து வந்த ஆண்டுகளில், அக்டோபர் மாதம் பிறந்தால் தென்னிந்திய நகரங்களிலிருந்தும் ரசிகர்கள் சிம்லாவுக்குப் புறப்படுவது வழக்கமாயிற்று. சீருடையில் வரும் ராணுவ அணியினரும், சொந்தச் சேமிப்பைச் செலவிட்டு வரும் சிறு வணிகரும், பட்டறைத் தொழிலாளியும் அங்கு ஒரே வரிசையில் நின்றனர். ஆவணச் சரிபார்ப்பு, மருத்துவப் பரிசோதனை, வாகனச் சோதனை ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக நடைபெற்றன. தலைக்கவசம், தீயணைப்புக் கருவி, கார் கவிழ்ந்தாலும் உள்ளிருப்போரைக் காக்கும் இரும்புக் கூண்டு ஆகியவற்றில் ஒன்று தரக்குறைவாக இருந்தாலும் அனுமதி கிடையாது. அந்தக் காத்திருப்பு நேரமே முன்பின் அறியாதவர்களை நண்பர்களாக்கியது.

அனுபவமே பாடம்

அங்கு நடைபெறும் உரையாடல்கள் வெறும் அரட்டை அல்ல. சமவெளியிலிருந்து முதன்முறையாக வருபவருக்கு அவை உயிர்காக்கும் பாடங்கள். ரோதாங் கணவாயின் உயரம் 3,978 மீட்டர். ஸ்பிதிக்கு வழிவிடும் குன்சம் கணவாய் 4,500 மீட்டருக்கும் மேல். லே செல்லும் வழியிலுள்ள பாராலாச்சா ஏறக்குறைய 4,900 மீட்டர். இந்த உயரங்களில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியை ஒட்டியே நிற்கிறது. மனிதனுக்கு மூச்சு வாங்குவதுபோல் எஞ்சினுக்கும் வாங்குகிறது. ஆற்றலில் கணிசமான பகுதியை அது இழக்கிறது. கார்புரேட்டர் பொருத்திய வாகனத்தில் பெட்ரோல் கலவையை மாற்றியமைக்காவிட்டால் புகைதான் மிஞ்சும்.

கேலாங்குக்கு அருகிலுள்ள தாண்டி பெட்ரோல் நிலையத்தில், அடுத்த நிலையம் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என எச்சரிக்கும் பலகை நெடுங்காலம் இருந்தது. அதை அறியாது சென்றவர் நடுவழியில் நின்றார். உயரத்தால் வரும் தலைவலியையும் வாந்தியையும் வீரம் காட்டி மறைப்பவர் உயிரையே இழக்க நேரிடும். உடனடியாகக் கீழே இறங்குவதே முதல் மருந்து. இவை எல்லாம் வழிக்குறிப்பேட்டில் இருப்பதைவிட, முந்தைய ஆண்டுகளில் பனியில் சிக்கி மீண்டவரின் வாயிலிருந்து வரும்போதுதான் மனத்தில் பதிகின்றன. மணாலியைச் சேர்ந்த சுரேஷ் ராணா இப்பந்தயத்தைப் பலமுறை வென்றதற்கு, இந்த மலையின் குணத்தை அறிந்திருந்தது ஒரு முக்கியக் காரணம்.

ரசிகரே ஊழியர்

இத்தகைய பந்தயத்தில் இருவகைப் போட்டிகள் உண்டு. ஒன்று, மூடப்பட்ட சாலைப் பகுதியை மிகக் குறைந்த நேரத்தில் கடப்பது. மற்றொன்று, குறிப்பிட்ட சராசரி வேகத்தில் குறித்த நேரத்துக்குச் சரியாகச் சென்றடைவது. இதில் தாமதமாக வந்தாலும் தண்டப் புள்ளி, முன்னதாக வந்தாலும் தண்டப் புள்ளி. இரண்டுக்குமே வழிநெடுகிலும் நேரம் குறிக்க ஆள்கள் வேண்டும். வளைவுகளில் கொடியுடன் நிற்கவும், தகவல் தொடர்புக் கருவியுடன் விபத்தை அறிவிக்கவும் ஆள்கள் வேண்டும்.

"மார்ஷல்' எனப்படும் இவர்களில் பெரும்பாலோர் ரசிகர்களாக வந்து தன்னார்வலர்களாக மாறியவர்களே. பந்தயத்துக்கு முந்தைய மாலையில்தான் யார், எந்தக் கணவாயில், எத்தனை மணிக்கு என்பது முடிவாகிறது. வென்றவரின் படம் நாளிதழில் வெளியாகும். பூஜ்ஜியத்துக்குக் கீழான குளிரில் பல மணி நேரம் நின்றவரின் பெயர்கூட வெளியே தெரியாது. எனினும் அவர் இல்லையேல் பந்தயமும் இல்லை.

சாலை யாருடையது?

இந்த உற்சாகத்துக்கு மறுபக்கமும் உண்டு. 1980-ம் ஆண்டு நடந்த முதல் ஹிமாலயன் கார் ராலி, அரசியல் இயக்கங்களின் எதிர்ப்புப் போராட்டங்களைச் சந்தித்தது. மலைவாழ் மக்களுக்கு உள்ள ஒரே சாலையை, செல்வந்தர்களின் பொழுதுபோக்குக்காக மூடுவது நியாயமா என்ற கேள்வி இன்றும் உயிருடன் இருக்கிறது. ரோதாங் பகுதிக்குச் செல்லும் சுற்றுலா வாகனங்களின் எண்ணிக்கைக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் வரம்பு விதித்தது. பொதுச் சாலையில் பந்தயம் நடத்தலாமா என்ற வழக்கு, 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடல் அருகே நடைபெற்ற இரவுநேரக் கார் பந்தயத்தின்போது உயர் நீதிமன்றம் வரை சென்றதைத் தமிழக மக்கள் அறிவர்.

கவனக்குறைவின் விலை எத்தகையது என்பதை ராஜஸ்தான் மாநிலம் பார்மர் மாவட்டம் காட்டியது. அங்கு 2019 செப்டம்பரில் நடைபெற்ற தேசிய ராலி போட்டியில், பந்தயத்துக்காக மூடப்பட்ட சாலையில் மோட்டார் சைக்கிள் ஒன்று நுழைந்தது. கார் மோதியதில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் உயிரிழந்தனர். அவர்கள் ரசிகர்கள் அல்லர். தங்கள் ஊர்ச் சாலையில் சென்றவர்கள்.

விளையாட்டா, கேளிக்கையா?

அரசின் பார்வையும் தெளிவாக இல்லை. தில்லியை ஒட்டிய கிரேட்டர் நொய்டாவில் 2011-ல் ஃபார்முலா ஒன்று பந்தயம் நடந்தபோது, அதை விளையாட்டாகக் கருதிச் சலுகை அளிக்க மத்திய அமைச்சகம் முன்வரவில்லை. வரிவிலக்கை எதிர்த்த வழக்கில், நுழைவுச்சீட்டு வருவாயில் 25 விழுக்காட்டைத் தனிக் கணக்கில் வைக்குமாறு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மூன்று ஆண்டுகளில் அப்பந்தயம் இந்தியாவை விட்டு அகன்றது. ஆனால், 2019-ல் ராலி ஓட்டுநர் கௌரவ் கில்லுக்கு அர்ஜுனா விருது வழங்கப்பட்டது. இத்துறைக்கு அவ்விருது கிடைத்தது அதுவே முதல்முறை.

இதற்கிடையே நெடுந்தூரப் பந்தயத்தில் இந்தியர்கள் உலக அரங்கை எட்டிவிட்டனர். உலகின் கடினமான பந்தயமாகக் கருதப்படும் டக்கார் ராலியை முழுமையாக நிறைவு செய்த முதல் இந்தியர் என்ற பெருமையை பெங்களூரைச் சேர்ந்த சி.எஸ். சந்தோஷ் 2015-ல் பெற்றார். கேரளத்தின் ஹரித் நோவா 2024-ல் அதே பந்தயத்தில் "ராலி 2' பிரிவில் முதலிடம் பிடித்தார். மலையிலும் பாலைவனத்திலும் சம்பளமின்றி நின்ற தன்னார்வலர்கள் உருவாக்கிய களத்தின் தொடர்ச்சியே இந்த வெற்றிகள்.

விளையாட்டு என்று அங்கீகரித்தால் அதற்குரிய பொறுப்புகளையும் அரசு வரையறுக்க வேண்டும். சாலை எத்தனை மணி நேரம் மூடப்படலாம், நோயாளியும் பள்ளிக் குழந்தையும் கடக்க என்ன வழி, எத்தனை ஆம்புலன்ஸ்கள் நிற்க வேண்டும், விபத்துக்கு யார் பொறுப்பு என்பவை மாவட்டத்துக்கு மாவட்டம் அதிகாரியின் விருப்பத்தைப் பொருத்ததாக இருக்கக் கூடாது.

பந்தயத்துக்கு முந்தைய மாலைச் சந்திப்பில் ஓட்டுநருக்கும் ரசிகருக்கும் இடம் உண்டு. சாலை மூடப்படும் கிராமத்தின் பஞ்சாயத்துத் தலைவருக்கும் அங்கு ஓர் இருக்கை போடப்பட வேண்டும். மறுநாள் எந்த நேரத்தில் வாகனங்கள் வரும் என்பதை, மற்ற எவரையும்விட அவர்தான் முதலில் அறிந்திருக்க வேண்டும்.