ஊசி குத்தினால் ஒளிக்காதீர்கள்

காலை ஆறு மணிக்கே செம்பாக்கம், மேடவாக்கம், பெருங்களத்தூர்ப் பக்கம் அழைப்புமணி அடித்துவிடும். வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க லேப்பிலிருந்து ஆள் வந்திருப்பார். டியூப்பைப் பெட்டியில் வைத்து, பில் போட்டு, அடுத்த வீட்டுக்கு வண்டியைக் கிளப்ப வேண்டும். பயன்படுத்திய ஊசிக்கு மறுபடி மூடி போடுவது இந்த அவசரத்தில்தான். அது விரலில் ஏறுவதும் அப்போதுதான். முதலாளியிடம் சொன்னால், ‘பார்த்து எடுக்கத் தெரியாதா?’ என்பாரே என்று பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு பேசாமல் இருந்துவிடுகிறவர்கள் உண்டு. அதில் மருந்துக்கான நேரமும் போகிறது, இழப்பீட்டுக்கான ஆதாரமும் போகிறது.

எல்லோரும் அஞ்சுவது எச்.ஐ.வி.க்கு. ஆனால் தொற்றுள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் எச்.ஐ.வி. பரவும் வாய்ப்பு ஆயிரத்தில் சுமார் 3தான். ஹெபடைடிஸ் பி அப்படியல்ல. தடுப்பூசி போடாதவருக்கு நூற்றுக்கு 30 வரை போகலாம். உலர்ந்த ரத்தத்திலும் அந்தக் கிருமி ஏழு நாள் உயிரோடிருக்கும். மூன்று தவணைத் தடுப்பூசியில் தடுக்கக்கூடிய நோய் இது. லேப் ஊழியர்களுக்கு அந்தத் தடுப்பூசியும் டெட்டனஸ் ஊசியும் போடுவது நிர்வாகத்தின் கடமை என்கின்றன 2016ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள். வேலையில் சேரும்போதும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் உடல் பரிசோதனை செய்யவேண்டும். அடுத்தவர் ரத்தத்தை நாள் முழுக்கச் சோதிப்பவர்களின் ரத்தத்தை யாரும் சோதிப்பதில்லை என்றால், அது விதிமீறல்.

ஊசி குத்தியதும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். பிதுக்க வேண்டாம், வாயில் வைக்க வேண்டாம், ஸ்பிரிட்டும் வேண்டாம். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்லது. 72 மணி நேரம் கடந்தால் பயனில்லை. தொடங்கினால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். தென்சென்னைப் புறநகர்க்காரர்கள் இதற்கு எங்கும் அலைய வேண்டாம். 1928இல் காசநோய் சானடோரியமாகத் தொடங்கி, பிறகு நாட்டின் மிகப் பெரிய எச்.ஐ.வி. சிகிச்சை மையங்களில் ஒன்றாக வளர்ந்த அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை தாம்பரம் சானடோரியத்தில்தான் இருக்கிறது. குரோம்பேட்டையிலிருந்து மின்சார ரயிலில் அடுத்த நிறுத்தம். விவரம் கேட்க 1097.

இந்த மாத்திரைக்கு ஏற்பாடு செய்வது நிர்வாகம் காட்டும் சலுகை அல்ல. 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் பாதுகாப்புச் சாதனம், பயிற்சி, தடுப்பு மருந்து மூன்றையும் மருத்துவ நிறுவனங்களின் பொறுப்பாக்கியிருக்கிறது.

இழப்பீட்டுக்கு வருவோம். தொழில்நோய்ப் பட்டியலின் தொடக்கத்திலேயே மருத்துவ, ஆய்வகப் பணியில் தொற்றும் நோய்கள் இருக்கின்றன. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், மாதம் ரூ.21,000 வரை சம்பளம் வாங்குபவருக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு, அவர் பங்கு 0.75 சதவீதம்தான். ‘டிரெயினி’ என்று பெயர் வைத்து வருடக்கணக்கில் ஈ.எஸ்.ஐ. அட்டையே கொடுக்காமல் இழுப்பது பழைய தந்திரம். பணம் பிடிக்கிறார்களா என்று சம்பளச் சீட்டைப் பாருங்கள். ஆனால் நோய் வேலையில்தான் வந்தது என்று காட்ட, குத்திய அன்று உங்கள் ரத்தத்தில் அது இல்லை என்ற பரிசோதனை முடிவு கையில் இருக்க வேண்டும். அதை அன்றே அரசு மருத்துவமனையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊசிக் காயங்களை லேப் பதிவு செய்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஜூன் 30க்குள் அனுப்பும் ஆண்டறிக்கையில் காட்ட வேண்டும். நீங்கள் ஒளித்தால் அந்த அறிக்கையில் ‘விபத்து இல்லை’ என்றே போகும்; ஊசி வெட்டும் கருவியோ, குத்தினால் துளையாத வெள்ளை டப்பாவோ கேட்கும்போது ‘இங்கே என்ன நடந்துவிட்டது?’ என்ற பதில் வரும்.

வீடு வீடாகப் போகும் பெண்களுக்கு இன்னொன்று. வேலைக்காகப் போகும் வீடும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பணியிடமே. அங்கே பாலியல் தொல்லை நடந்தால் மூன்று மாதத்துக்குள் புகார் தரலாம். பத்துப் பேருக்குக் குறைவான லேப் என்றால் மாவட்ட உள்ளூர்க் குழுவிடம்.

கழிவு, தடுப்பூசிப் புகாருக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், ஈ.எஸ்.ஐ. மறுத்தால் அதன் மண்டல அலுவலகம். அதற்கெல்லாம் முன்னால், ‘இன்று காலை இத்தனை மணிக்கு, இன்ன இடத்தில், ரத்தம் எடுக்கும்போது ஊசி குத்தியது’ என்று மேலாளருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பி, அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் பெயர் வேண்டாம்; சாம்பிள் எண் போதும்.