வீட்டுக்குள்ளே ஒரு சர்வர்... வாசலுக்கு ஒரு பூட்டு!



லினக்ஸ் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது கறுப்புத் திரையும், வைவாவில் விழித்த விழிப்பும்தான். 1991-இல் ஃபின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் பொழுதுபோக்காகத் தொடங்கியது அது. 2017 நவம்பர் முதல், உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் அத்தனையிலும் ஓடுவது லினக்ஸ்தான். அதை ஒரு பழைய கம்ப்யூட்டரில் ஏற்றி நான் வீட்டில் சர்வர் வைத்த கதையையும், பட்ட அடியையும் சொல்கிறேன். நீங்களாவது தப்பித்துக் கொள்ளுங்கள்!

பட்ட கதை

செமஸ்டர் விடுமுறையில் டெபியன் லினக்ஸ் ஏற்றினேன். அப்பாவின் மளிகைக் கடைக் கடன் கணக்கு முழுவதையும் அதில் போட்டேன். ஹாஸ்டலிலிருந்தும் பார்க்க வேண்டுமே! ரூட்டரில் 22-ஆம் போர்ட்டைத் திறந்து சர்வருக்குத் திருப்பிவிட்டேன். பெயர் ‘அட்மின்’, பாஸ்வேர்டு ‘அட்மின்123’. நம்ம வீட்டுப் பொட்டியை எவன் தேடி வரப் போறான் என்ற நினைப்பு.

பத்தே நாளில் அம்மா போன் செய்தார். “தம்பி, உன் பொட்டி ராத்திரி பகலா இரைஞ்சுகிட்டே இருக்கு.” வீட்டுக்கு வந்து லாக்கைப் பார்த்தேன். ‘பாஸ்வேர்டு தவறு’ என்று ஆயிரக்கணக்கான வரிகள். நடுவே ஒரே ஒரு வரி: ‘பாஸ்வேர்டு ஏற்கப்பட்டது.’ எனக்குத் தெரியாத முகவரியிலிருந்து! உள்ளே வந்தவன் கிரிப்டோ நாணயம் தோண்டும் புரோகிராமை ஓடவிட்டிருந்தான்.

பதறிப்போய் டிஸ்க்கை ஃபார்மட் செய்தேன். பிறகுதான் உறைத்தது, கடைக் கணக்குக்கு வேறு நகல் இல்லை. ஆறு மாதப் பாக்கி போச்சு! அவன் அழிக்கவில்லை, நான்தான் அழித்தேன். அப்பா திட்டவில்லை. “வீட்டைப் பூட்டிட்டுச் சாவியைத் திண்ணையிலேயே வெச்சுட்டுப் போனியாக்கும்?” என்று மட்டும் கேட்டார். பிறகு ஒரு நோட்டை எடுத்து, நினைவில் இருந்த பாக்கிகளை எழுத உட்கார்ந்தார்.

எப்படி வந்தான்?

என்னை யாரும் தேடவில்லை. பழைய முறை இணைய முகவரிகள் மொத்தம் சுமார் 430 கோடிதான். புரோகிராம்கள் அவற்றை வரிசையாகத் தட்டிக்கொண்டே போகின்றன. எந்தக் கதவு திறக்கிறதோ அந்த வீடு! 2016-இல் மிராய் என்ற கெடுநிரல், சுமார் 60 பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளை மட்டும் வைத்துக்கொண்டு லட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்தது.

‘எஸ்.எஸ்.எச். பாதுகாப்பானது ஆச்சே?’ என்பீர்கள். பாஸ்வேர்டை வழியில் ஒட்டுக்கேட்பதைத் தடுக்கவே 1995-இல் ஃபின்லாந்தின் டாட்டு இலோனென் அதை உருவாக்கினார். ஒட்டுக்கேட்பவனை அது தடுக்கும். ஆனால் சரியாக ஊகித்து வருபவனை வீட்டுக்காரன் என்றுதானே நினைக்கும்?

செய்ய வேண்டியவை

1. சாவிக்கு மாறுங்கள். எஸ்.எஸ்.எச். சாவி ஜோடியாக வரும். பொதுச்சாவியைப் பூட்டு என்று வைத்துக் கொள்ளுங்கள், அது சர்வரில் இருக்கும். தனிச்சாவி உங்கள் இடுப்பை விட்டு இறங்கக் கூடாது. சாவியால் நுழைய முடிகிறதா என்று பார்த்த பிறகே பாஸ்வேர்டு நுழைவை நிறுத்துங்கள். சோதிக்கும்போது பழைய இணைப்பை மூடாதீர்கள். மூடினால் நீங்களே வெளியே நிற்க வேண்டியதுதான்!

2. எல்லாவற்றையும் மூடி, வேண்டியதை மட்டும் திற. ஃபயர்வாலின் தத்துவம் இவ்வளவுதான். முதலில் எஸ்.எஸ்.எச்.சுக்கு அனுமதி கொடுத்துவிட்டு, பிறகு ஃபயர்வாலை இயக்குங்கள். போர்ட் எண்ணை 22-லிருந்து மாற்றினால் தட்டும் சத்தம் குறையும். பூட்டு பலமாகிவிடாது.

3. வெளியிலிருந்து வர வேண்டுமா? வயர்கார்ட் என்ற வி.பி.என். 2020 முதல் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. சாவி இல்லாதவன் தட்டினால் அது பதிலே சொல்லாது. ரூட்டரில் அதன் போர்ட் ஒன்றைத் திறந்தால் போதும், 22 வேண்டாம்.

4. அப்டேட் தானாக நடக்கட்டும். ஓட்டை தெரிந்த பிறகும் அடைக்காமல் வைத்திருந்தால் குற்றம் நம்முடையது.

5. வாரம் ஒருமுறை லாக்கைப் படியுங்கள். அரியர் பேப்பர் ரிசல்ட் பார்க்கிற அக்கறையோடு!

6. நகல் எடுங்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வீட்டுக்கு வெளியே. எடுத்த நகலைத் திறந்து பார்த்தால்தான் அது நகல்.

ஒருவேளை புகுந்தே விட்டானா? முதலில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். கணக்கு, படம் போன்ற தகவல் கோப்புகளை மட்டும் வெளியே எடுங்கள். பிறகு புதிதாக நிறுவி, எல்லாப் பாஸ்வேர்டுகளையும் மாற்றுங்கள். அட்மின் உரிமையோடு ஒருவன் புழங்கிய கம்ப்யூட்டரில் எந்தப் புரோகிராமையும் நம்ப முடியாது. ஃபார்மட் செய்தது என் தவறல்ல நண்பர்களே, எடுத்து வைக்காமல் செய்ததுதான் தவறு.

இப்போது கடைக் கணக்கு மீண்டும் சர்வரில் இருக்கிறது. அப்பா மட்டும் அந்த நோட்டை விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை. அதுவும் ஒரு பேக்கப்தானே!

– மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல்