ஹவாயித் தீவினரின் எண்ணுமுறை

எண்ணுதல் மாந்தர் யாவர்க்கும் பொதுவாயினும், எண்ணும் வகை யாண்டும் ஒன்றன்று. பசிபிக் மாகடலின் நடுவணுள்ள ஹவாயித் தீவுகளின் பழைய எண்ணுமுறை இதற்குத் தக்க சான்றாகும். அம்மொழி இன்று அருகி வழங்குவதாதலின், அம்முறையை நம் கல்லூரி அன்பர்கட்கு ஈண்டுச் சிறிது விளக்கப் புகுகின்றோம்.

மடகாஸ்கர் முதல் ஈஸ்டர் தீவு வரை பரந்து கிடக்கும் ஆஸ்திரோனேசிய மொழிக் குடும்பத்தைச் சார்ந்தது ஹவாயி மொழி. காஹி, லுவா, கோலு, ஹா, லிமா, ஓனோ, ஹிகு, வாலு, இவா, உமி என்பன ஒன்று முதல் பத்துவரையுள்ள அதன் எண்ணுப்பெயர்கள். இவற்றுள் 'லிமா' என்பது கையையும் ஐந்தையும் ஒருங்கே குறிக்கும். மலாய் மொழியிலும் ஐந்து என்பதற்கு 'லிமா' என்பதே சொல். ஆயிரக்கணக்கான மைல்கள் இடையிட்டும் இச்சொல் வேறுபடாது நிற்றல் வியக்கத்தக்கது.

பொருள்களைத் தொகையாக எண்ணுங்கால் ஹவாயி மக்கள் நான்கையே அடியாகக் கொண்டனர். மீன், தேங்காய், சேம்பங்கிழங்கு ஆகியவற்றைக் கைக்கு இரண்டாக எடுத்தும், நந்நான்காகக் கட்டியும் எண்ணிய வழக்கமே இதற்குக் காரணமென்பர். நான்கு கொண்டது ஒரு 'கௌனா'. பத்துக் கௌனா ஒரு 'காஅவு', அஃதாவது 40. பத்துக் காஅவு ஒரு 'லௌ', அஃதாவது 400. இங்ஙனமே 'மானோ' 4,000 எனவும், 'கினி' 40,000 எனவும், 'லெஹு' 4,00,000 எனவும் பத்துப் பத்து மடங்காக உயரும். மரப்பட்டைத் துணியையும் ஓடத்தையும் எண்ணுமிடத்து நாற்பதிற்கு 'இயாகோ' எனத் தனிப்பெயரும் உண்டு.

இம்முறையில் 453 தேங்காய்களை எண்ணுவோன், 'ஒரு லௌ, ஒரு காஅவு, மூன்று கௌனா, ஒன்று' என்பான். கையால் எண்ணுவார்க்கு இதனினும் எளிய வழியில்லை. ஆயின் கற்பலகையில் எழுதுங்கால் 4, 5, 3 என்னும் இலக்கங்கள் நிற்க, நாவிலோ 1, 1, 3, 1 என்பன ஒலிக்கும். எழுத்தும் சொல்லும் பொருந்தாமையின், பள்ளிக்கணக்கு புகுந்தவிடத்துப் பழைய முறை நிலைபெறுதல் அரிதாயிற்று.

அமெரிக்க மிஷனெரிமார் ஹவாயிக்கு வந்தது 1820-ஆம் ஆண்டில். 1822-இல் அம்மொழியில் முதன்முதல் அச்சுத்தாள் வெளிப்போந்தது. 1839-இல் வேதாகமம் முழுவதும் அம்மொழியில் முற்றுப்பெற்றது. மொழிக்கு எழுத்து நல்கிய அவ்வன்பர்களே, பதின்முறைக் கணக்கைப் பயிற்றும்பொருட்டு ஐம்பது முதலியவற்றிற்குப் புதுப்பெயர் வகுத்தனர். நூறும் ஆயிரமும் ஆங்கிலச் சொற்களின் திரிபாகிய 'ஹானேலி', 'கௌகானி' என வழங்கலாயின. அவர்தம் நோக்கம் நன்றே. மாணாக்கர் கணக்கில் தேர்ச்சியும் பெற்றனர். எனினும் பழைய எண்ணுமுறை சந்தையினின்றும் மீன்படகினின்றும் மெல்ல நீங்கிற்று.

எண்ணுமுறைக்கு நேர்ந்தது பின்னர் மொழி முழுமைக்கும் நேர்ந்தது. 1896-ஆம் ஆண்டுச் சட்டம் ஆங்கிலத்தையே பயிற்றுமொழியாக்கிற்று. தலைமுறைகள் சில கழியுமுன், நீஹௌ என்னும் சிறு தீவொன்று நீங்கலாக ஏனையவிடங்களில் ஹவாயி மொழி பேசும் சிறுவரைக் காண்டல் அரிதாயிற்று. 1978-இல் அது மீண்டும் அரசியல் மொழியாக ஏற்கப்பட்டது. 1984-இல் சிறுவர்க்கு அம்மொழியிலேயே பயிற்றும் பள்ளி தொடங்கப்பெற்றது. அத்தகைய பள்ளிகள் பின்னர்ப் பல்கின.

இவ்வரலாற்றால் நாம் அறியத்தக்கது யாது? எண்ணுப்பெயர் வெறும் ஒலியன்று. ஒரு மக்கள் எதனை எவ்வாறு கையாண்டனர் என்பதற்கு அது கரி கூறும். கௌனா என்னுஞ் சொல் மறையின், மீனை இருகையிலும் இவ்விரண்டாக எடுத்த அக்கைகளின் பழக்கமும் உடன் மறையும். புதியது கற்பித்தல் கல்விச்சாலையின் கடமை. கற்பிக்குங்கால் பழையதனையும் ஏட்டில் எழுதிக் காத்தல் அதனோடொத்த கடமையென்று துணிகின்றோம். கல்விச்சாலையொன்றில் பயிலும் நாம் இதனை மறத்தல் தகாது.