கொழுக்கட்டை போல ஒரு மருந்து

சென்ற மாதம் வானொலியில் நான் பேசிய விடயத்தை எழுத்தில் தரும்படி உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள்.

என் பெரியம்மாவுக்குச் சூலகப் புற்றுநோய். இங்கே நியூ ஜேர்சியில் ஒரு வைத்தியசாலையில் அவருக்கு மொழிபெயர்க்கப் போனது நான். வைத்தியர் எழுதிய மருந்து டொக்சில். "இது நானோ மருந்து பெரியம்மா, நேரே கட்டிக்குத்தான் போகும், வேறை இடத்தைத் தொடாது" என்று சொல்லிவிட்டேன். வைத்தியர் அப்படிச் சொல்லவில்லை. பெரியம்மாவின் பயத்தைப் போக்க நானாகச் சேர்த்தது.

நானோ துணிக்கையைக் கொழுக்கட்டை என்று நினையுங்கள். உள்ளே பயறும் சர்க்கரையும், வெளியே மா. துணிக்கையிலும் உள்ளே மருந்து வைத்த கரு, வெளியே ஓர் உறை. பருமன் ஒரு மில்லிமீற்றரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். கருவைப் பல இடங்களில் பிஎல்ஜிஏ என்ற பொலிமரால் செய்கிறார்கள். ஊரில் இரசாயனவியல் படித்தவர்களுக்குப் பல்பகுதியம் என்றால் விளங்கும். சத்திரசிகிச்சைக்குப் பிறகு தானே கரையும் தையல் நூல் தெரியும்தானே? 1970களில் இதே நியூ ஜேர்சியின் எதிக்கன் நிறுவனம் கொண்டுவந்த விக்ரில் நூலும் அந்தக் குடும்பம்தான். உடம்பிலுள்ள நீர் அதை மெல்ல மெல்ல அறுத்து லக்ரிக் அமிலமாகவும் கிளைக்கோலிக் அமிலமாகவும் ஆக்கிவிடும். கரு கரையக் கரைய மருந்து கசியும்.

உறைக்கு வேறு வேலை. அந்நியப் பொருள் இரத்தத்துக்குள் வந்தால் புரதங்கள் அதில் ஒட்டும். ஈரலும் மண்ணீரலும் பிடித்து விழுங்கிவிடும். பெக் என்ற பொலிமர் தன்னைச் சுற்றி நீரைப் போர்த்திக்கொள்வதால் புரதம் இலகுவில் ஒட்டாது. பிஎல்ஜிஏ கருவும் பெக் உறையும் கொண்ட துணிக்கை இரத்தத்தில் நெடுநேரம் சுற்றுவதை 1994இல் ரொபேர்ட் லாங்கரின் குழு காட்டியது. பொலிமராலேயே ஆன ஜெனெக்சோல் பிஎம் என்ற மருந்துக்குத் தென்கொரியா 2007இல் அனுமதி கொடுத்தது.

டொக்சில் இதற்கு ஒன்றுவிட்ட சகோதரம். அதன் உள்ளே கொழுப்புச் சவ்வால் ஆன குமிழி, வெளியே அதே பெக். கலிபோர்னியா மென்லோ பார்க்கில் உருவாகி, 1995இல் அமெரிக்க அனுமதி பெற்றது. உள்ளிருக்கும் டொக்சோரூபிசின் இதயத்தைப் பழுதாக்கக்கூடியது. பொதிந்து கொடுத்தால் அந்தப் பாதிப்புக் குறைவு. உண்மையான இலாபம் அங்கேதான்.

ஆனால் நாட்கணக்கில் சுற்றும் மருந்து உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கசியும். மூன்றாம் முறை ஏற்றியபின் பெரியம்மாவின் கை சிவந்து தோல் உரிந்தது. ஒருவருக்கும் சொல்லவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க முடியாமல் போனபோதுதான் தாதி கண்டார். "நீதானே வேறை இடத்தைத் தொடாது எண்டாய். அடுப்புச் சூடாக்கும் எண்டு நினைச்சன்" என்றார் பெரியம்மா. எனக்கு வாய் எழவில்லை. வைத்தியர் அடுத்த முறையைத் தள்ளிவைத்து அளவையும் குறைத்தார்.

ரொறன்ரோ பல்கலைக்கழகத்தினர் பத்தாண்டு கால விலங்கு ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியிட்ட கணக்கின்படி, ஏற்றிய நானோ துணிக்கைகளில் கட்டியை அடைந்தது நடுவாக 0.7 சதவீதம். நான் சொன்னது எவ்வளவு பிழை என்று பாருங்கள்.

உங்கள் வீட்டில் மொழிபெயர்ப்பவர் யாராயினும் மருந்தின் முழுப்பெயரை எழுதி வையுங்கள். சாதாரண டொக்சோரூபிசினும் டொக்சிலும் ஒரே அளவில் மாற்றிக் கொடுக்கக்கூடியவை அல்ல. முதல்முறை ஏற்றும்போது மூச்சு முட்டினாலோ முதுகு வலித்தாலோ உடனே சொல்லவேண்டும். கை, கால் எரிவும் வாய்ப்புண்ணும் அப்படித்தான்.

அதற்குப் பிறகு பெரியம்மா ஒவ்வொரு முறையும் தாதியிடம் இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் கதிரையில் இருந்தார்.