களை தடுக்கும் நெய்த விரிப்பு

நம் சங்கத்தில் துணி நெய்வோரும் உளர். தோட்டம் பயிரிடுவோரும் உளர். இவ்விரு சாராரும் அறிந்துகொள்ள வேண்டிய பொருளொன்று இன்று கடைகளில் சுருள் சுருளாக விற்கப்படுகிறது. அதுவே களை தடுக்கும் விரிப்பு. அதனை எங்கு விரிக்கலாம், எங்கு விரித்தலாகாது என்பதைத் தெளிந்த பின்னரே பணம் செலவிடுதல் நலம்.

இத்தாலியில் 1957-இல் ஆலை உற்பத்திக்கு வந்த பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கைத் தட்டை இழைகளாக்கிப் பாவும் ஊடையுமாக நெய்வதே இவ்விரிப்பு. உரச் சாக்கை உற்று நோக்கினால் இந்நெசவு விளங்கும். நீர் இழைகளினிடையே இறங்கும்; ஒளி இறங்காது. ஒளியின்றி முளைத்த களை தன் உணவை ஆக்கமாட்டாது மடியும்.

ஆயினும் கோரையும் அறுகும் விதையை மட்டும் நம்பி வாழ்வன அல்ல. கோரை தன் கிழங்கிலுள்ள உணவைக்கொண்டு மீண்டும் மீண்டும் முளைக்கும். அறுகு விரிப்பின் ஓரம் வரை ஓடித் தலைநீட்டும். ஆதலின் இவற்றைக் கிழங்கோடும் வேரோடும் அகழ்ந்தெடுத்த பின்னரே விரித்தல் வேண்டும். இரு விரிப்புகள் சேருமிடத்தில் அரையடி ஒன்றன்மேல் ஒன்று படியட்டும். வெட்டிய ஓரத்தைச் சூட்டினால் உருக்கி ஒட்டாவிடில் இழை பிரியும் என்பதை நெசவாளர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை.

நடைபாதை, நாற்றுத் தொட்டிகள் அடுக்கும் தரை ஆகிய இடங்களுக்கு இது மிகவும் ஏற்றது. காய்கறிப் பாத்திக்கோ ஏற்றதன்று. ஆண்டுதோறும் எருவிட்டு மண்ணைக் கிளற இது இடம் தராது. அழகு கருதி இதன்மேல் சருகோ மரத்தூளோ பரப்பினால், அது மக்கி மண்ணாகும். காற்றில் வரும் விதை அதன்மேலேயே முளைத்து, வேரை நெசவினுள் செலுத்தும். அக்களையைப் பிடுங்கினால் துணியும் கிழியும். வெயிலில் நைந்த இழைகள் நூல் நூலாக மண்ணிற் கலந்துவிட்டால் பொறுக்கியெடுத்தல் அரிது, அவை மக்குவதுமில்லை. நைவதற்கு முன்னரே சுருட்டி அகற்றுதல் உழவர் கடமையாம்.

பாத்திகளுக்கு உகந்தவை சணலும் தென்னை நாருமே. பழைய சணற் சாக்கை இரண்டாக மடித்து விரித்தால், ஒரு பருவம் களையைத் தடுத்துப் பின்னர் மண்ணோடு மக்கிவிடும். தென்னை நார் விரிப்பு அதனினும் நெடுநாள் உழைக்கும். கண்ணி பெரிதாயிருப்பின் ஒளி புகுந்து களை முளைக்குமாதலால், நெருக்கமாக அமைந்ததையே தேர்ந்து வாங்குக.

எவ்விரிப்பாயினும் உழைப்பைக் குறைக்குமேயன்றி ஒழிக்காது. அன்பர்கள் களைக்கொத்தை விற்றுவிட வேண்டா.